75 விழுக்காடு யாருடையது?

பியர் தயாரிப்பைப் பற்றித் தமிழ் ஆண்டு மலரில் ஒரு கட்டுரையா என்று புருவம் உயர்த்துபவர்கள் இருப்பார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடை எத்தனை குடும்பங்களின் சம்பளத்தை விழுங்கியது என்பதைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால் நான் எழுத வந்தது குடிப்பதைப் பற்றியன்று, கணக்கைப் பற்றி.

சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டு முதல் 18 வயது நிரம்பியவர்கள் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டிலேயே பியர் தயாரிக்கலாம். ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டர் வரை அனுமதி உண்டு. விற்கக்கூடாது, காய்ச்சி வடிக்கக்கூடாது. பொறியியலும் வேதியியலும் படிக்கும் நண்பர்கள் சிலருக்கு இது ஆய்வுக்கூடப் பயிற்சியைவிடச் சுவையான பயிற்சி. டப்பாவில் வரும் பாகை வாங்கிக் கரைப்பதோடு நில்லாமல், முளைவிட்டு உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, வாங்கி முதலிலிருந்தே செய்ய முனைகிறார்கள். அதற்கு அமெரிக்க, ஆங்கிலேயப் புத்தகங்களில் உள்ள செய்முறைக் குறிப்புகளை எடுத்து, பாத்திரத்துக்கு ஏற்ப இரண்டால் வகுத்தோ பெருக்கியோ பின்பற்றுகிறார்கள். இந்த வகுத்தலையும் பெருக்கலையும்தான் நான் குறை சொல்கிறேன். எத்தனை கிலோ மால்ட் என்று மட்டும் சொல்லிவிட்டு, எந்தத் திறனில், எத்தனை லிட்டருக்கு என்று சொல்லாத குறிப்பு பாதிக் குறிப்புதான்.

உடைத்த மால்ட்டை ஏறத்தாழ 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால், அதிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. இந்தக் கலவைக்குத் தமிழில் 'ஊறல்' என்ற சொல் பொருந்தும். பாவம் அந்தச் சொல்! தமிழ்நாட்டு நாளிதழ்களில் 'சாராய ஊறல் அழிப்பு' என்ற குற்றச் செய்தியில் மட்டுமே அதைப் பார்க்கிறோம். நான் இங்கே அதை நல்ல பொருளில் பயன்படுத்திக்கொள்கிறேன். மால்ட்டில் இருக்கக்கூடிய சத்தில் எவ்வளவு நம் சாற்றுக்குள் வந்து சேர்ந்தது என்பதே ஊறல் திறன்.

தேங்காய்ப்பால் எடுப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரே தேங்காய்தான். ஒருவர் துருவி அரைத்துப் பிழிகிறார், இன்னொருவர் பொடியாக அரைக்காமலே பிழிகிறார். ஒருவர் முதல் பாலோடு நிறுத்துகிறார், மற்றவர் மறுபடி நீர் ஊற்றி இரண்டாம் பாலும் எடுக்கிறார். சக்கையில் எவ்வளவு தங்கியது என்பது தேங்காயைப் பொறுத்ததன்று, கையைப் பொறுத்தது. மால்ட்டும் அப்படித்தான். எவ்வளவு நைசாக உடைத்தோம், சூடு சீராக இருந்ததா, சக்கையைக் கழுவி எடுத்தோமா என்பவற்றால் திறன் மாறும்.

எண்களோடு பார்ப்போம். ஒரு கிலோ வெளிர் மால்ட்டிலிருந்து அதிக அளவாக எடுக்கக்கூடிய சத்து முழுவதையும் 10 லிட்டர் சாற்றில் சேர்த்தால் ஹைட்ரோமீட்டர் ஏறத்தாழ 1.030 காட்டும். அதாவது 30 புள்ளிகள் 10 லிட்டருக்கு, மொத்தம் 300. இப்போது 19 லிட்டரில் 1.050 வேண்டும் என்கிறது ஒரு குறிப்பு. 50ஐ 19ஆல் பெருக்கினால் 950. எழுதியவரின் திறன் 75 விழுக்காடு என்றால் அவருக்கு 4.2 கிலோ மால்ட் போதும். உங்கள் சமையலறையின் திறன் 65 விழுக்காடு என்றால் அதே 4.2 கிலோ உங்களுக்கு 1.043தான் தரும். அவருடைய பியர் உங்களுக்கு வேண்டுமானால் 4.9 கிலோ போட வேண்டும். அந்த 700 கிராம் வேறுபாடு குறிப்பில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. அந்த 75 விழுக்காடு குறிப்பை எழுதியவருடையது, நம்முடையதன்று.

இதோடு 'திறன்' என்ற ஒரே பெயரில் இரண்டு எண்கள் உலவுகின்றன. கொதிக்கவைக்கும் பானைக்குள் வந்த சத்தைக் கணக்கிடுவோர் உண்டு. புளிக்கவைக்கும் வாளிக்குள் இறுதியில் சேர்ந்ததைக் கணக்கிடுவோரும் உண்டு. இடையில் பானையின் அடியில் கசடோடு ஒன்றரை லிட்டர் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பானையில் 75 விழுக்காடு என்றால், 19 லிட்டர் வாளிக்கு அது ஏறத்தாழ 70 ஆகிறது. அதே பானையில் 10 லிட்டர் மட்டும் செய்தால் 65 ஆகிறது. அதே ஆள், அதே மால்ட், அதே அடுப்பு!

அளவு மாற்றும்போது தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஒரு ஆழாக்கு அரிசிக்கு இரண்டு ஆழாக்கு நீர் என்று வைப்பவர்கள்கூட, பத்து ஆழாக்குக்கு இருபது ஊற்ற மாட்டார்கள். ஆவியாகும் நீர் பாத்திரத்தின் வாயையும் தீயையும் பொறுத்தது என்பது அவர்கள் கைக்குத் தெரியும். 19 லிட்டர் பியருக்கு வேண்டிய நீரை எண்ணிப் பாருங்கள்: வாளிக்கு 19, கசடுக்கு ஒன்றரை, ஒரு மணி நேரக் கொதியில் ஆவியாக 4, சக்கை உறிஞ்சக் கிலோவுக்கு ஒரு லிட்டர் வீதம் 4.2. மொத்தம் ஏறத்தாழ 29 லிட்டர். இதை 10 லிட்டருக்கு விகிதப்படி குறைத்தால் 15 லிட்டர் வரும். ஆனால் அதே பானை, அதே தீ என்றால் ஆவியாவது அதே 4 லிட்டர்தான், கசடும் அதே ஒன்றரைதான். மால்ட் மட்டும் 2.2 கிலோவாகக் குறைந்திருப்பதால், உண்மையில் வேண்டியது 17.7 லிட்டர். 15 ஊற்றியவருக்கு வாளியில் ஏழரை லிட்டர்கூட வராது. வருவதும் நினைத்ததைவிட அடர்த்தியாக இருக்கும். வீட்டுப் பியர்ப் புட்டியில் சாராய அளவைச் சொல்லும் முத்திரை கிடையாது. விருந்தினர் குவளையில் எவ்வளவு இருக்கிறது என்று செய்தவருக்கே தெரியாமல் போவதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

அடர்த்தியான பியர் செய்ய விரும்புபவர்களுக்கு இன்னொரு தடை உண்டு. சக்கையைக் கழுவாமல் ஒரே நீரில் ஊறவைக்கும் முறையை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியர்கள் பரப்பிய துணிப்பை முறை இந்த வகை. வீவக சமையலறைக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. 4 கிலோ மால்ட்டுக்கு 25 லிட்டர் நீர் என்றால், சக்கையோடு தங்கும் 4 லிட்டரில் சத்தின் 16 விழுக்காடு போய்விடும். மால்ட்டை 8 கிலோவாக்கி, சாற்றின் அளவு குறையாமலிருக்க நீரை 29 லிட்டராக்கினால், சக்கையோடு போவது ஏறத்தாழ 28 விழுக்காடு. பையைப் பிழிந்தால் இழப்பு குறையும், ஆனால் மறையாது. மால்ட்டை இரட்டிப்பாக்கினால் அடர்த்தி இரட்டிப்பாகாது என்பதை இந்த மூன்று வரிக் கணக்கு காட்டிவிடுகிறது.

காலன் கணக்கிலும் எச்சரிக்கை தேவை. அமெரிக்கப் புத்தகத்தின் 5 காலன் 18.9 லிட்டர். பழைய ஆங்கிலேயப் புத்தகத்தின் 5 காலன் 22.7 லிட்டர். இதைக் கவனியாதவர் மால்ட்டைப் பற்றி யோசிக்கும் முன்பே 20 விழுக்காடு பிசகிவிடுகிறார்.

அளப்பதிலும் நம் வெப்பம் விளையாடும். 20 டிகிரிக்கு அளவீடு செய்யப்பட்ட ஹைட்ரோமீட்டரை 30 டிகிரிச் சாற்றில் விட்டால் இரண்டு, மூன்று புள்ளிகள் குறைத்துக் காட்டும். மறுபுறம், கொதிநிலைச் சாறு ஆறிய சாற்றைவிட ஏறத்தாழ 4 விழுக்காடு பருத்திருக்கும். சூடாக இருக்கும்போதே லிட்டரை அளந்துவிட்டுத் திறனைக் கணக்கிடுபவர், 72 விழுக்காட்டை 75 என்று எழுதிப் பெருமைப்பட்டுக்கொள்வார்.

பெருமை என்றதும் சொல்லத் தோன்றுகிறது. '85 விழுக்காடு எடுத்தேன்' என்று மதிப்பெண் போலச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. டன் கணக்கில் மால்ட் வாங்கும் தொழிற்சாலைக்கு ஒவ்வொரு விழுக்காடும் பணம். 4 கிலோ வாங்கும் நமக்குப் பத்து விழுக்காடு என்பது அரைக் கிலோ மால்ட், சில வெள்ளி. அந்தச் சில வெள்ளிக்காகச் சக்கையை மிகையான சூட்டில் திரும்பத் திரும்பக் கழுவினால், உமியின் துவர்ப்பும் சாற்றில் இறங்கிவிடும். மூன்றாம் தேங்காய்ப்பாலில் பாயசம் வைப்பார் உண்டா? ஒரு முறை 80, மறுமுறை 62 என்று தாவும் சமையலறையைவிட, ஒவ்வொரு முறையும் 66 தரும் சமையலறையே மேல். 66 என்று தெரிந்துவிட்டால் அதற்கேற்ப மால்ட்டைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஆகவே குறிப்பு எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மால்ட்டைக் கிலோவில் எழுதாதீர்கள். மொத்த மால்ட்டில் எந்த வகை எத்தனை விழுக்காடு என்று எழுதுங்கள். எட்ட வேண்டிய அடர்த்தி, வாளியில் சேர்ந்த லிட்டர், உங்கள் திறன், அந்தத் திறனை எந்த இடத்தில் அளந்தீர்கள் என்பவற்றைச் சேருங்கள். 10 லிட்டர் செய்பவரும் 25 லிட்டர் செய்பவரும் தத்தம் எண்ணைக் கொண்டு தமக்கான கிலோவைப் போட்டுக்கொள்வார்கள். ஹாப்ஸ் பூவுக்கும் இதுவே பொருந்தும். 5 விழுக்காடு ஆல்ஃபா அமிலமுள்ள ஹாப்ஸ் 30 கிராம் என்று குறிப்பில் இருந்து, கடையில் கிடைத்தது 7.5 விழுக்காடு என்றால், கசப்புக்காகத் தொடக்கத்தில் சேர்ப்பதற்கு 20 கிராம் போதும். பொட்டலத்தின் மேலேயே அந்த எண் அச்சாகியிருக்கும்.