பிடிக்காத புத்தகத்தை என்ன செய்வது?

மல்லசமுத்திரத்தில் பஸ் ஏறினால் சீக்கிரம் திருச்செங்கோடு போய்விடலாம். அந்த ஊரையும் அதன் கோயில் திருவிழாவையும் வைத்துப் பெருமாள்முருகன் எழுதிய நாவல் 'மாதொருபாகன்'. வெளிவந்தது 2010-ல். நான்கு வருடம் யாரும் வாய் திறக்கவில்லை. 2014 டிசம்பரில் திடீரென்று புத்தகத்தை எரித்தார்கள். ஜனவரியில் கடையடைப்பு.

பிறகுதான் வேடிக்கை. அரசு நாவலைத் தடை செய்யவில்லை, கோர்ட்டும் தடை விதிக்கவில்லை. நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் 'சமாதானக் கூட்டம்' நடந்தது. மன்னிப்புக் கேட்டு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டவர், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அறிவித்தார்.

எங்கள் ஊரையும் பெண்களையும் இழிவுபடுத்திவிட்டார் என்றால் கோபம் வராதா? வரும். அந்த வருத்தத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்கு மறுப்பு எழுதலாம், கூட்டம் போட்டுத் திட்டலாம், வழக்குப் போடலாம். அரசியல் சட்டத்தின் 19(2) பிரிவு பேச்சுரிமைக்கு நியாயமான கட்டுப்பாடுகளை அனுமதிக்கிறது. அதைச் சட்டத்தால்தான் விதிக்க முடியும், கூட்டத்தின் கூச்சலால் அல்ல.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. அந்தச் சமாதானம் அவரைக் கட்டுப்படுத்தாது. பிடிக்காதவர்கள் புத்தகத்தை மூடி வைக்கட்டும், அவர் எழுதட்டும் என்றது. அவரும் எழுதினார்.

அவருக்குப் பெயர் இருந்தது, வழக்கு நடந்தது. பெயர் இல்லாத ஒருவரை இதேபோல் கூப்பிட்டு உட்கார வைத்தால்? அவர் எழுதாமல் விட்டது வெளியே தெரியக்கூடத் தெரியாது.