கணினிக் களம்: மூன்று புள்ளிகள்

பொறியியற் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவி ஒருவர், நம் சங்க உறுப்பினர் ஒருவரின் புதல்வி, ஓர் ஐயத்தைக் கேட்டு எழுதியிருக்கிறார். சி மொழியில் கடைப் பட்டியல் ஒன்றை அச்சிட நிரல் எழுதினாராம். முதலில் விலை, அடுத்து எண்ணிக்கை என்று அச்சுக் குறிப்பை அமைத்தார். மதிப்புகளைக் கொடுக்கும்போதோ வரிசை மாறி, எண்ணிக்கையாகிய 3 முன்னும் விலையாகிய 2.5 பின்னும் நின்றுவிட்டன. வீட்டிலுள்ள லினக்ஸ் கணினியில் விடை சரியாகவே வந்தது. கல்லூரியின் விண்டோஸ் கணினியிலோ அதே நிரல் இரண்டு சுழிகளைக் காட்டியது. "எந்தக் கணினி பிழை செய்கிறது?" என்பது அவர் வினா.

இரண்டும் பிழை செய்யவில்லை. பிழை நிரலில் இருக்கிறது. இவ்விரண்டு விடைகளுள் ஆபத்தானது எது என்று கேட்டால், சரியாக வந்த விடையே என்பேன்.

பிரிண்ட்எஃப் என்னும் செயற்கூற்றின் அறிவிப்பில் அச்சுக் குறிப்பு ஒன்றே பெயரோடு நிற்கும். அதன்பின் மூன்று புள்ளிகள். இனி எத்தனை மதிப்புகள் வரும், அவை எவ்வகையின என்பதைச் சொல்லாமல் விட்டதற்கு அப்புள்ளிகள் அடையாளம். 1978-இல் கெர்னிகனும் ரிட்சியும் வெளியிட்ட சி மொழி நூலின் முதற்பதிப்பில் அவை இல்லை. 1989-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரநிலையே அவற்றை மொழியில் சேர்த்தது. இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. தனக்கு எத்தனை மதிப்புகள் வந்தன என்பதை அழைக்கப்பட்ட செயற்கூறு தானாக அறிய வழியே இல்லை. குறிப்பில் எத்தனை சதவீதக் குறிகள் உள்ளனவோ அத்தனை மதிப்புகள் வந்திருப்பதாக நம்பி அது எடுத்துக்கொண்டே போகும். ஊரிலிருந்து ரயிலில் வந்த மூட்டையை எண்ணிப் பாராமல், உடன் வந்த கடிதத்தை மட்டும் நம்பிப் பொருள்களைப் பங்கிடுவது போன்றது இது.

லினக்ஸ் வீட்டில் அம்மூட்டை எவ்வாறு வைக்கப்படுகிறது என்பதைப் பார்ப்போம். 64 பிட் இண்டெல் வகைப் பொறியில் முழு எண்களுக்கு ஆறு ரெஜிஸ்டர்கள். பின்ன எண்களுக்கு வேறு எட்டு. இவற்றில் இடங்கொள்ளாதவை ஸ்டாக் என்னும் நினைவக அடுக்கிற்குச் செல்லும். அழைக்கப்பட்ட செயற்கூறு இந்த ரெஜிஸ்டர்களை 176 பைட்டு அளவுள்ள ஓர் இடத்தில் இறக்கி வைத்துக்கொள்கிறது: ஆறு எட்டு நாற்பத்தெட்டு, எட்டுப் பதினாறு நூற்றிருபத்தெட்டு. பின்பு 24 பைட்டில் ஒரு சிறு கணக்கு வைத்துக்கொள்கிறது. முழு எண் வரிசையில் எதுவரை எடுத்தோம், பின்ன வரிசையில் எதுவரை எடுத்தோம், அடுக்கில் அடுத்தது எங்கே, இறக்கிவைத்த இடம் எங்கே என்னும் நான்கே குறிப்புகள் அதிலுள்ளன. மொத்தம் எத்தனை என்னும் குறிப்பு அதில் இல்லை! வி.ஏ. ஆர்க் என்று கேட்கும்போதெல்லாம், நாம் சொல்லும் வகைக்குரிய வரிசையிலிருந்து அடுத்தது வரும்.

ஆகவே மாணவியின் நிரல் முதலில் பின்னம் கேட்டபோது பின்ன வரிசையிலிருந்த 2.5 கிடைத்தது, முழு எண் கேட்டபோது மற்ற வரிசையிலிருந்த 3 கிடைத்தது. இரண்டு அலமாரிகள் தனித்தனியே இருந்தமையால் வரிசைப் பிழை மறைந்துபோயிற்று.

விண்டோஸின் வழக்கம் வேறு. அங்கே வகையை நோக்காமல், வரிசைப்படி மதிப்பிற்கு எட்டுப் பைட்டாக இடம் ஒதுக்கப்படும். முதலிடத்து 3-ஐப் பின்னமாகப் படித்தால் அது மிக மிக நுண்ணிய எண்ணாகும். ஆறு தசம இடங்களில் சுழியாகவே தெரியும். 2.5-இன் கீழ்ப்பாதி 32 பிட்களும் சுழி. அதனை முழு எண்ணாகப் படித்தாலும் சுழியே.

இன்னொரு நுட்பமும் உண்டு. புள்ளிகள் வழியே செல்லும் ஃப்ளோட் மதிப்பு டபுளாக விரிந்தே செல்லும். கேரக்டரும் ஷார்ட்டும் இண்ட் ஆகும். அனுப்பியது ஃப்ளோட்தானே என்று வி.ஏ. ஆர்க்கிடம் ஃப்ளோட் கேட்பது தவறு. டபுள் என்றே கேட்க வேண்டும். பாடநூல்கள் இதனை ஓர் அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடுவது எனக்கு உடன்பாடன்று.

சுழி அச்சாவதோடு தீங்கு நின்றுவிட்டால் கவலையில்லை. வெளியார் ஒருவர் தட்டச்சு செய்த சொற்களையே அச்சுக் குறிப்பாகக் கொடுத்துவிட்டால், கடிதத்தை எழுதுகிறவர் அவராகிவிடுகிறார். அவர் எழுதும் சதவீதக் குறி ஒவ்வொன்றும் அனுப்பப்படாத மதிப்பைத் தேடி அடுக்கிலுள்ள மறைவான செய்திகளை வெளியே இழுக்கும். சதவீதத்தோடு என் எழுத்து சேர்ந்தாலோ, படிப்பது மட்டுமன்றி நினைவகத்தில் எழுதவும் இயலும். 2000-ஆம் ஆண்டில் டபிள்யூ.யூ. எஃப்.டி.பி. என்னும் கோப்புப் பரிமாற்ற நிரலில் இத்தகைய ஓட்டை வெளிப்பட்டது. அதன் வழியே தொலைவிலிருந்தபடியே கணினி முழுவதையும் கைப்பற்ற முடிந்தது.

மாணவி செய்ய வேண்டுவது சிறிதே. மதிப்புகளின் வரிசையைத் திருத்துக, ஜி.சி.சி. தொகுப்பியை வால் என்னும் எச்சரிக்கைத் தெரிவோடு இயக்குக. அச்சுக் குறிப்பையும் மதிப்புகளையும் ஒப்பிட்டு, பழைய வரியில் இரண்டு எச்சரிக்கைகளை அது தரும். மூன்று புள்ளிகளோடு தாமே செயற்கூறு எழுதும் நாளில், மதிப்புகளின் எண்ணிக்கையை முதலிலேயே அனுப்பும் வழக்கத்தை மேற்கொள்க. பயனர் தரும் சொற்களை அச்சிட வேண்டுமாயின், அச்சுக் குறிப்பைத் தாமே எழுதி, அச்சொற்களை இரண்டாவது மதிப்பாக மட்டுமே கொடுக்க.