நியூயார்க்கா, ஒமாஹாவா... உடம்புக்கு எது ஒத்துக்கும்?

"பையனுக்கு அமெரிக்காவுல வேலை" என்று யாராவது சொன்னால், நாம் அடுத்துக் கேட்பது "எந்த ஊரு?" என்றுதான். நியூயார்க் என்று பதில் வந்தால் புருவம் உயரும். ஒமாஹா என்றால், "அது எங்கே இருக்கு?" என்று இழுப்போம். சொல்கிறவரும் ஏதோ ஒரு படி இறங்கிப்போன மாதிரி, "நெப்ராஸ்கா மாநிலத்துல... சிகாகோவுக்கு மேற்கே..." என்று விளக்கம் கொடுப்பார்.

ஆனால் அங்கே போய் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் பெற்றோர்களிடம் பேசிப் பாருங்கள். கணக்கே மாறிவிடும். "வீடு பங்களா மாதிரி இருக்கு. ஆனா வாசலைத் தாண்ட முடியலை" என்பார் ஒமாஹா மாதிரி ஊருக்குப் போன அம்மா. "ஊர் அமர்க்களம்தான். ஆனா ராத்திரி தூக்கம் போச்சு" என்பார் நியூயார்க் போன அப்பா. இரண்டு பேர் சொல்வதும் நிஜம்தான்.

ஊர்ப் பெருமையை ஓரமாக வைப்போம். உடம்புக்கும் மனசுக்கும் எந்த ஊர் என்ன செய்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வீட்டு வாசலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஏன்?

கொஞ்சம் கணக்கு

2020 மக்கள்தொகைக் கணக்குப்படி நியூயார்க் நகரில் 88 லட்சம் பேர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு சுமார் 11,000 பேர். அதிலும் மன்ஹாட்டன் தீவில் இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒமாஹாவில் மொத்தமே 4 லட்சத்து 86 ஆயிரம் பேர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு சுமார் 1,300 பேர்தான்.

"குளிருக்கு எது தேவலை?" என்று கேட்கிறீர்களா? இரண்டு ஊருமே பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 41 டிகிரியில்தான் இருக்கின்றன. கடல் பக்கத்தில் இல்லாததால் ஒமாஹாவில் குளிர் ஒரு பிடி அதிகம். ஜனவரி ராத்திரிகளில் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போவது சகஜம். இரண்டு ஊரிலுமே குளிர்கால வெயிலில் நம் தோலுக்கு வைட்டமின் டி தயாரிக்கும் அளவுக்குத் தெம்பு கிடையாது. கறுத்த தோலுக்கு இன்னும் கஷ்டம். டாக்டரிடம் கேட்டு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

வாடகையில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மன்ஹாட்டனில் ஒரு நடுத்தர வாடகை 2022-லேயே மாதம் 4,000 டாலரைத் தாண்டிவிட்டது. ஒமாஹாவில் அந்தப் பணத்துக்குத் தோட்டத்தோடு பெரிய வீடே கிடைக்கும். வாரன் பஃபெட் ஒமாஹாக்காரர்தான். 1958-ல் 31,500 டாலருக்கு வாங்கிய வீட்டை, உலகப் பெரும் பணக்காரர்களில் ஒருவரான பிறகும் அவர் மாற்றவில்லை!

பணம், இடம், அமைதி... மூன்றிலும் ஒமாஹாதான் ஜெயிக்கிறது. அப்புறம் என்ன பிரச்னை?

கால்கள் எங்கே?

பிரச்னை காலில் இருக்கிறது.

நியூயார்க்கில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களிடம் கார் கிடையாது. தேவையும் இல்லை. 1904-ல் ஆரம்பித்த சுரங்க ரயில் இன்றைக்கு 472 நிலையங்களோடு ராத்திரி பகலாக ஓடுகிறது. ரயிலுக்கு நடக்க வேண்டும், படி இறங்க வேண்டும், ஏற வேண்டும். பால் வாங்க ஒரு நடை, மருந்து வாங்க ஒரு நடை. யாரும் "நான் எக்சர்சைஸ் பண்ணப் போறேன்" என்று கிளம்புவதில்லை. ஊரே பிடித்துத் தள்ளி நடக்க வைத்துவிடுகிறது.

ஒமாஹாவிலும் ஒரு காலத்தில் டிராம் ஓடியது. 1955-ல் அதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு ஊர் மேற்குப் பக்கமாகக் காரை நம்பியே வளர்ந்தது. வீடுகள் ஒரு பக்கம், கடைகள் இன்னொரு பக்கம், நடுவில் ஆறு வரிசை சாலை. ஒரு கட்டுக் கொத்தமல்லி வேண்டுமென்றாலும் கார் சாவி வேண்டும். வேலைக்குப் போய்ச் சேர சராசரியாக 20 நிமிடம்தான் ஆகிறது. நியூயார்க்கில் 40 நிமிடம். ஆனால் அந்த 20 நிமிடமும் உட்கார்ந்தபடியே! நியூயார்க்காரரின் 40 நிமிடத்தில் ஒரு பகுதியாவது காலில் போகிறது.

பலன்? நெப்ராஸ்கா மாநிலத்தில் வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் உடல்பருமன். நியூயார்க் நகரில் சுமார் நான்கில் ஒருவர். எல்லாவற்றுக்கும் நடைதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. சாப்பாடு, வருமானம், வயது எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் நடைக்கு அதில் பங்கு உண்டு.

இது நம்மவர்களுக்கு ஏன் முக்கியம்? தெற்காசியர்களுக்கு எடை கொஞ்சம் ஏறினாலே சர்க்கரை வந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு உடல் எடைக் குறியீடு 25 வந்ததும் சர்க்கரைப் பரிசோதனை என்றால், ஆசிய வம்சாவளியினருக்கு 23-லேயே செய்யச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம். வீட்டிலிருந்து காருக்கு, காரிலிருந்து நாற்காலிக்கு என்று இருக்கும் முப்பது வயதுப் பிள்ளையைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஆறு மாதத்தில் திரும்பிவிடும் பெற்றோரைவிட, அங்கேயே முப்பது வருஷம் இருக்கப்போகிறவர் அவர்தானே?

தூக்கமும் படிக்கட்டும்

சரி, நியூயார்க்தான் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறையில் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிசுகிசுவென்று பேசும் அளவு அது! ஆம்புலன்ஸ் சைரனும், குப்பை லாரியும், பாலத்தின் மேல் தடதடக்கும் ரயிலும் உள்ள ஊரில் அதற்கு எங்கே போவது? தூக்கம் கெட்டால் ரத்த அழுத்தம் ஏறும். இதய நோயாளிகள் இதை அலட்சியமாக விடக்கூடாது.

அடுத்து முழங்கால். அந்த 472 நிலையங்களில் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. பழைய அடுக்குமாடிகளிலும் நாலாவது மாடி வரை படிதான். முப்பது வயதில் இதுவே உடற்பயிற்சி. அறுபத்தெட்டு வயதில், மூட்டு தேய்ந்த அம்மாவுக்கு இதுவே சிறை. வாசலுக்கு வெளியே எல்லாம் இருந்தும் படி இறங்க முடியாவிட்டால் என்ன பிரயோஜனம்?

விபத்து பயம் உள்ளவர்களுக்கு ஒரு ஆச்சரியமான விஷயம். "நியூயார்க் டிராஃபிக்கா... ஐயோ!" என்போம். ஆனால் சாலை விபத்தில் இறப்பவர்கள் அமெரிக்கா முழுவதும் லட்சத்துக்கு சுமார் 12 பேர் என்றால், நியூயார்க் நகரில் சுமார் 3 பேர்தான். கார் ஊர்ந்துதானே போகிறது! 2014-ல் நகரின் பொதுவான வேக வரம்பையும் மணிக்கு 25 மைலாகக் குறைத்தார்கள்.

மூச்சு விடும் காற்று

பெரிய ஊர் என்றால் புகை, சின்ன ஊர் என்றால் சுத்தமான காற்று... அப்படித்தானே நினைக்கிறோம்? பாதிதான் சரி. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் லாரிப் புகைக்கு நடுவே வளரும் குழந்தைகளிடம் ஆஸ்துமா அதிகம் என்பது உண்மை. ஆனால் ஒமாஹா பக்கம் ஆகஸ்ட், செப்டம்பர் வந்தால் 'ராக்வீட்' என்ற களைச்செடியின் மகரந்தம் காற்றில் பறக்கும். மூக்கு ஒழுகி, கண் அரித்து, ஒரு கர்ச்சீப் போதாது.

அதைவிட முக்கியமான ஒன்று, கண்ணுக்கே தெரியாத 'ரேடான்'. மண்ணிலுள்ள யுரேனியத்திலிருந்து வரும் வாயு இது. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. வீட்டின் அடித்தளத்து விரிசல் வழியே உள்ளே வந்து தங்கிவிடும். அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தல் முதல் காரணம் என்றால், இரண்டாவது காரணம் இதுதான். ரேடான் அதிகமுள்ள மாநிலங்களில் நெப்ராஸ்காவும் ஒன்று. சூறாவளிச் சங்கு ஊதினால் ஒதுங்குவதற்காகக் கட்டிய அடித்தள அறையிலேயே, "அப்பா அம்மாவுக்குத் தனி ரூம்" என்று சில பிள்ளைகள் கட்டில் போட்டுவிடுகிறார்கள். முதலில் ரேடான் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். கடையிலேயே அதற்கான சாதனம் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. அளவு அதிகமென்றால் குழாயும் விசிறியும் வைத்து வாயுவை வெளியேற்றிவிடலாம். பயப்பட வேண்டியதில்லை, சோதிக்காமல் இருப்பதுதான் தப்பு.

கூட்டத்தில் தனிமை

மனசுக்கு வருவோம். 2023-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவராக இருந்த விவேக் மூர்த்தி, தனிமையைப் பற்றியே தனியாக ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டார். மனிதத் தொடர்பு இல்லாமல் வாழ்வது, ஆயுளைக் குறைப்பதில் தினமும் 15 சிகரெட் வரை பிடிப்பதற்குச் சமம் என்றது அது.

ஒமாஹாவின் மேற்குப் புறநகரில் பகல் பதினொரு மணிக்கு வாசலில் நின்று பாருங்கள். மகனும் மருமகளும் ஆபீசில், பேரன் பள்ளியில். தெருவில் மனித வாசனையே இருக்காது. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் பத்து கடை ஏறி இறங்கிப் புடவை வாங்கிய அம்மா, இங்கே சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருப்பார். நடக்கத் தெரிந்தவர், பேசத் தெரிந்தவர், ஒரு குடும்பத்தையே நிர்வாகம் செய்தவர்... திடீரென்று குழந்தை மாதிரி ஒருவரை எதிர்பார்த்து இருக்கும்போது மனசு சுருங்கித்தான் போகும். பலருக்கு அதுதான் பசியின்மையாகவும், தலைவலியாகவும், தூக்கமின்மையாகவும் வெளியே வருகிறது.

நியூயார்க்கில்? 1977-ல் கும்பாபிஷேகம் நடந்த ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு ரயிலிலும் பஸ்ஸிலுமே போகலாம். கீழே கேன்டீனில் தோசை சாப்பிட்டு, நாலு பேரிடம் தமிழில் பேசிவிட்டு வரலாம். யாரையும் கார் ஓட்டக் கூப்பிட வேண்டாம்.

அதற்காகக் கூட்டம் இருந்தால் தனிமை இல்லை என்று அர்த்தமில்லை. 1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். திருட்டு பயத்தில் ஜன்னலைக்கூடத் திறக்காமல், கதவைத் தட்டிப் பார்க்க ஆளில்லாமல் போனவர்கள். லட்சக்கணக்கானவர்கள் வாழும் மாநகரத்தில்தான் இது நடந்தது!

சின்ன ஊரில் இதற்கு நேர்மாறும் உண்டு. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி, பனி பெய்தால் "ஏதாவது வேணுமா?" என்று கேட்டுக்கொண்டு வருவார். ஒமாஹாவிலும் இந்துக் கோயில் இருக்கிறது. தெரிந்த முகங்களே வாராவாரம் வருவதால் ஒட்டுறவு சீக்கிரம் ஏற்படும். யாராவது கொண்டு போய் விட வேண்டும், அவ்வளவுதான் சிக்கல்.

"சின்ன ஊராச்சே, ஆஸ்பத்திரி நல்லா இருக்குமா?" என்ற பயமே வேண்டாம். 2014-ல் எபோலா நோயாளிகளை அழைத்து வந்து சிகிச்சை கொடுத்த இடங்களில் ஒமாஹாவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவ மையமும் ஒன்று. ஆனால் எந்த ஊராக இருந்தாலும், விசிட்டர் விசாவில் போகும் பெற்றோருக்கு அங்கே முதியோருக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடு கிடையாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, பிரஷருக்குச் செல்லுமா என்று எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அப்படியானால் என்னதான் செய்வது?

நியூயார்க் உங்களை நடக்க வைக்கும், தூங்க விடாது. ஒமாஹா தூங்க வைக்கும், நடக்க விடாது. எந்த ஊர் எதைக் கொடுக்கவில்லையோ அதை நாமேதான் சம்பாதிக்க வேண்டும். ஓரளவு நல்ல வருமானம் உள்ள குடும்பம் என்றால், நடுத்தர ஊரில் பழைய பேட்டையில் ஒரு வீடு என்பதற்குத்தான் என் ஓட்டு. ஒமாஹாவிலேயே டிராம் காலத்தில் உருவான டண்டீ மாதிரிப் பகுதிகள் இருக்கின்றன. நடைபாதை உண்டு, மர நிழல் உண்டு, மூலையில் கடை உண்டு. அறை இரண்டு குறைந்தாலும் பரவாயில்லை, கால்களுக்கு வேலை இருக்கும்.

பிள்ளை ஏற்கெனவே புறநகரில் பெரிய வீடு வாங்கிவிட்டாரா? குறை சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். குளிர்காலத்தில் அங்குள்ள முதியவர்கள் ஷாப்பிங் மாலுக்குள் போய் நடக்கிறார்கள், அதில் சேர்ந்துகொள்ளுங்கள். கோடையில் மிசௌரி நதியின் மேல் 2008-ல் திறந்த நடைபாலத்தில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கே நடந்து போய் வரலாம்! வாரத்துக்கு 150 நிமிட நடை என்பது குறைந்தபட்சக் கணக்கு. வாரத்தில் இரண்டு நாள், வேலைக்குப் போகும் வழியில் நூலகத்திலோ கோயிலிலோ உங்களை இறக்கிவிட முடியுமா என்று மகனிடமோ மருமகளிடமோ வாய்விட்டுக் கேளுங்கள். "அவங்க பிஸி, எதுக்குத் தொந்தரவு?" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் வாடுவதுதான் கடைசியில் எல்லாருக்கும் பெரிய தொந்தரவாக முடியும்.

டிக்கெட் போடும் முன் போனில் நாலு கேள்வி கேளுங்கள். வீட்டு வாசலில் நடைபாதை இருக்கிறதா? தனியாக நடந்து போகிற தூரத்தில் ஒரு கடையாவது, பூங்காவாவது இருக்கிறதா? எங்கள் அறைக்கு எத்தனை படி ஏற வேண்டும்? ரேடான் பார்த்தாயா?

"எத்தனை பெட்ரூம்?" என்ற கேள்வியை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.