பாதி வழியில் திரும்பினால் என்ன?

வாரம் பூராவும் நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு பிடித்துப் போன சென்னைவாசிகளுக்கு, சுமார் 90 கிலோமீட்டரில் ஒரு வைத்தியம் இருக்கிறது. நம்மவர்கள் தடா அருவி என்பார்கள். ஆந்திராவில் அதன் பெயர் உப்பலமடுகு. பெரிய பெரிய பாறைகள், நடுவில் ஓடை, இரண்டு பக்கமும் மலை, அங்கங்கே குளிர்ந்த மடுக்கள்... காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடலாம்.

போகலாமா? தாராளமாகப் போங்கள். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்ல வேலை, மனசுக்கோ நல்ல ஓய்வு. ஆனால் ஒரே ஒரு வசனத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ‘இவ்வளவு தூரம் வந்துட்டு கடைசி அருவியைப் பார்க்காம திரும்புறதா?’ என்கிற வசனத்தைத்தான் சொல்கிறேன். என்னைக் கேட்டால், ஆபத்தே அதில்தான் ஆரம்பிக்கிறது.

ஏறும்போது மூச்சு வாங்கும். பத்து நிமிஷம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். இறங்கும்போதுதான் தொடைக்கும் முழங்காலுக்கும் நிஜமான சோதனை. களைத்துப் போன கால் பாசிப் பாறையில் பட்டென்று வழுக்கும். அதனால் தெம்பில் பாதியை இறங்குவதற்கென்று மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து, 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். மழை நம் தலைக்கு மேல்தான் பெய்ய வேண்டும் என்பதில்லை. மலை உச்சியில் பெய்தாலே போதும். தெளிந்த ஓடை கலங்குகிறதா? சருகும் குச்சியும் மிதந்து வருகிறதா? இரைச்சல் கூடுகிறதா? பையைக்கூடத் தேடாமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். அதேபோல், மடுவைக் கண்டதும் குதிக்காதீர்கள். ஆழமும் தெரியாது, அடியில் இருக்கும் பாறையும் தெரியாது. ‘எனக்கு நீச்சல் தெரியும் சார்’ என்பது அங்கே செல்லாது. குடித்துவிட்டு இறங்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு வாரம் முன்னாலிருந்தே தினமும் நடங்கள், மாடிப்படி ஏறி இறங்குங்கள். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சர்க்கரைக்காரர்கள் மாத்திரையோடு நாலு சாக்லேட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம். பிடிப்புள்ள ஷூதான் சரி. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீராவது வேண்டும், கூடவே ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள். வனத்துறை அடைத்து வைத்திருக்கும் நாளில் குறுக்கு வழி தேடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், திரும்புகிற நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்வது. மதியம் 1 மணி என்றால் 1 மணிதான். அருவி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்ப வேண்டியதுதான். கூட்டத்தில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். மற்றவர்கள் அவர் வேகத்துக்கு நடக்கட்டும். ‘முடியலைப்பா’ என்று ஒருத்தர் சொன்னால் கேலி வேண்டாம். வாய்விட்டுச் சொன்னாரே, அதுவே நல்ல காலம்.

அருவி எங்கேயும் ஓடிப் போகாது. ராத்திரி உங்களுக்காக வீட்டில் சோறு எடுத்து வைத்துக் காத்திருப்பார்கள். நீங்கள் போய்ச் சேர வேண்டிய கடைசி இடம் அதுதான்!