பட்டியலில் நாயின் பெயர் எதற்கு?

நாய்க்கு முடி வெட்டுவதும் குளிப்பாட்டுவதும் நகம் நறுக்குவதும் என் தொழில். ஒன்பது வருடமாகச் சென்னையில் இதைத்தான் செய்கிறேன். க்ரூமர் என்று சொன்னால் மரியாதையாக இருக்கிறது. ஊரில் என் சித்தப்பா சொல்வது வேறு: "நாய்க்குச் சிரைக்கிறான்." அதில் எனக்கு வருத்தமில்லை, என் தாத்தா மனிதர்களுக்குச் சிரைத்தவர். என் வருத்தம், கோபம் என்றே சொல்லலாம், எங்கள் தொழிலுக்குள் கைமாறிக்கொண்டிருக்கும் ஒரு பட்டியலைப் பற்றியது.

புதிதாகச் சேர்கிற பையனுக்கு முதல் வாரமே அதை ஒப்பித்துவிடுவோம். "சௌ சௌ வந்தா ஜாக்கிரதை. காக்கர் கடிக்கும். ஹஸ்கி ஊரையே கூட்டும். லாசா, ஷீ ட்சூ எல்லாம் சின்னதா இருக்குன்னு நம்பிடாதே. அகிட்டா வந்தா லீவு போட்டுடு." எனக்கும் இப்படித்தான் சொன்னார்கள். நானும் பத்து பையன்களுக்குச் சொல்லியிருக்கிறேன். வாடிக்கையாளர்களிடம்கூடச் சிரித்துக்கொண்டே சொல்வோம்: "இந்த ப்ரீடே அப்படித்தான் மேடம்." அவர்களும் நிம்மதியாகத் தலையாட்டுவார்கள். அந்த நிம்மதியில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு வாக்கியம் கடைக்காரனையும் வாடிக்கையாளரையும் ஒரே நேரத்தில் நிம்மதியாக்குகிறது என்றால், அதன் செலவை மேசைமேல் நிற்கிற மூன்றாவது ஆள் கட்டுகிறார் என்று அர்த்தம்.

என் தப்பிலிருந்தே தொடங்குகிறேன். நான் முன்பு வேலை பார்த்த கடையில் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு அட்டை உண்டு. ஒரு காக்கர் ஸ்பேனியல் வந்தது. தலைப்பக்கம் கை போனதும் உறுமியது. இரண்டாவது தடவை என் கட்டைவிரலைப் பிடித்துவிட்டது, மூன்று தையல். அட்டையில் சிவப்பு மையில் "கடிக்கும்" என்று எழுதினேன். அதற்கப்புறம் ஆறு மாதம், ஒவ்வொரு முறையும் அது படியேறியதுமே வாய்ப்பூட்டு. யார் வேலை பார்த்தாலும் அட்டையைப் பார்ப்பார்கள், பூட்டுவார்கள், அவசரமாக முடித்து அனுப்புவார்கள். கடைசியில் ஒரு கால்நடை மருத்துவர் காதைத் தூக்கிப் பார்த்தபோது உள்ளே சீழ். காக்கரின் காது நீளம், கனம், உள்ளே காற்றுப் போகாது. சென்னை ஈரத்தில் அங்கே தொற்று வருவது புதுச் செய்தியே இல்லை, எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் "காக்கர் கடிக்கும்" என்பது அதைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. பட்டியல் எனக்குப் பதில் சொல்லிவிட்டதால் நான் காதைத் தூக்கிப் பார்க்கவில்லை.

பட்டியலில் இருக்கிற மற்றவர்களையும் பார்ப்போம். சௌ சௌவின் கண் உள்ளே குழிந்து இருக்கும், சுற்றி முடியும் தோல் மடிப்பும். பக்கவாட்டுப் பார்வை குறைவு. பக்கத்திலிருந்து நீளுகிற கை அதற்குத் திடீரென்று முளைக்கிற கை. முன்னால் வந்து நின்று, குரல் கொடுத்து, பிறகு தொட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பக் நாயின் மூக்கை நசுக்கியது அதை வளர்த்தெடுத்த மனிதர்கள். மூச்சு விடவே சிரமப்படுகிற மிருகம் அது. கண்குழி ஆழமில்லாததால் கழுத்தை இறுக்கிப் பிடித்தால் கண் வெளியே பிதுங்கிவிடும் ஆபத்தும் உண்டு. அது திமிறுவது காற்றுக்காக. ஷீ ட்சூவுக்கும் ஏறக்குறைய இதே கதை. நாய் உடம்புச் சூட்டை முக்கியமாக மூச்சிரைத்துத்தான் வெளியேற்றும். வாயை இறுக்கி மூடுகிற நைலான் பூட்டைப் போட்டு, மேலே சூடான ட்ரையரையும் பிடித்தால் அதற்கு எந்த வழி மிச்சம்? இதை "அடங்காத நாய்" என்று எழுதுவதற்கு ஒரு மனசு வேண்டும்.

ஹஸ்கியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் பனியில் வண்டி இழுத்த நாயை நாம் மேடவாக்கத்தில் மூன்றாவது மாடியில் வைத்திருக்கிறோம். ஏப்ரல் பிறந்தால் போன் வரும்: "தம்பி, மொட்டை அடிச்சிடுங்க. வெயில் தாங்க மாட்டேங்குது." அதன் உடம்பில் இரண்டு அடுக்கு முடி. உள்ளே பஞ்சு மாதிரி ஒன்று, வெளியே நீளமாக, முரடாக ஒன்று. உதிர வேண்டிய பஞ்சைச் சீவி எடுத்துவிட்டால் நடுவே காற்று ஓடும். வெளிமுடி வெயில் தோலில் படாமல் தடுக்கும். மொட்டையடித்தால் அந்த மறைப்பும் போகும். சில நாய்களுக்கு முடி திரும்ப வளரவே மாதக்கணக்காகும், திட்டுத் திட்டாகவும் வளரும். இதையெல்லாம் சொன்னால், "நீங்க செய்யலைன்னா பக்கத்துக் கடைல செய்வாங்க" என்பார்கள். உண்மைதான், செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன். ஹஸ்கி கத்துகிறது என்கிறீர்கள். பாதி நேரம் அது அதன் சுபாவம், வாயாடி இனம். மீதிப் பாதி நேரம் அது சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது சிக்கு. உங்கள் தலைமுடியில் ஒரு கொத்தை இறுக்கி முடிச்சுப் போட்டு இரண்டு மாதம் அவிழ்க்காமல் இருந்து பாருங்கள். திரும்பும்போதெல்லாம் தோல் இழுபடும். இப்போது அந்த முடிச்சு அக்குளில், காதுக்குப் பின்னால், தொடை இடுக்கில். அதுதான் சடைபிடித்த நாய். சீப்பு போடாமல் வீட்டில் குளிப்பாட்டினால் முடிச்சு இன்னும் இறுகும். உள்ளே ஈரம் தங்கித் தோல் வெந்துபோகும், உண்ணி குடியிருக்கும். நான் அந்த முடிச்சுக்கும் தோலுக்கும் நடுவில் மெஷினை நுழைக்க வேண்டும். பிளேடு சூடாகும். நாய் திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டும். உரிமையாளர் கண்ணாடிக்கு வெளியே நின்று சொல்வார்: "வீட்ல இவ்ளோ சாது. இங்க வந்தாதான் இப்படி." அம்மா, வீட்டில் யாரும் அந்த இடத்தைத் தொடவில்லை, அதனால்தான் சாது.

குட்டியை விற்றவனை விட்டுவிட முடியாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. எத்தனை குட்டிகள் அதற்கு முன்பே அட்டைப்பெட்டியில் கைமாறுகின்றன என்று இந்த ஊரில் நாய் வாங்கிய யாரைக் கேட்டாலும் தெரியும். மூன்று வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டு வாரம் வரைதான் நாய்க்குட்டி உலகத்தைப் பழகிக்கொள்கிற காலம். ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1965-லேயே விரிவாக எழுதிவிட்டார்கள். அந்த வாரங்களில் பாதத்தைத் தொட்டு, காதைத் தொட்டு, சீப்பைக் காட்டிப் பழக்காத நாய் மூன்று வயதில் முதல்முறையாக என் மேசைக்கு வருகிறது. அது என்னைக் கடித்தால் நான் அதன் இனத்தைத் திட்டுகிறேன்.

"அப்போ ப்ரீட் என்பதே ஒண்ணுமில்லையா?" என்று என் சக தொழிலாளிகள் கேட்பார்கள். இருக்கிறது. முடியின் தன்மை, உடம்பின் பலம், மூக்கின் நீளம் எல்லாம் இனம்தான். ராஜபாளையத்தையோ சிப்பிப்பாறையையோ சீவிவிட ஐந்து நிமிடம் போதும், பூடிலுக்கு இரண்டு மணி நேரம். பெரிய அகிட்டா கடித்தால் கை போகும், பொமரேனியன் கடித்தால் கட்டுப்போட்டால் போதும். இதை மறுப்பவன் இந்த வேலை பார்த்திருக்க மாட்டான். ஆனால் குணம்? 2022-இல் சயன்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் கேள்வி கேட்டு, அவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் பார்த்தார்கள். நாய்க்கு நாய் காணும் நடத்தை வித்தியாசத்தில் இனத்தை வைத்து விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம் மட்டுமே. நாம் அந்த ஒன்பதை வைத்துக்கொண்டு நூறுக்குத் தீர்ப்பு எழுதுகிறோம்.

அரசாங்கமும் பட்டியல் போடத்தான் செய்கிறது. 2024 மார்ச்சில் மத்திய அரசு இருபத்து மூன்று இனங்களை மூர்க்கமானவை என்று சொல்லித் தடைசெய்யச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசின் நாய் இனப்பெருக்கக் கொள்கையும் வந்தது. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் மாதிரியான, இந்த வெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. இரண்டும் பட்டியல்தான். முதலாவது, நாய் சரியில்லை என்கிறது. இரண்டாவது, இந்த ஊர் இந்த நாய்க்குச் சரியில்லை என்கிறது. எனக்கு இரண்டாவது மாதிரிப் பட்டியல்தான் வேண்டும். அதில் திருத்திக்கொள்ள வேண்டிய ஆள் யார் என்பது தெளிவாக இருக்கிறது.

கடைகளைப் பற்றியும் சொல்லாமல் முடித்தால் நான் யோக்கியன் இல்லை. நாய் ஒன்றுக்கு இவ்வளவு என்று கமிஷன். ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால்தான் நாளைக்கு ஆறு நாய் பார்க்க முடியும். பயந்த நாய்க்கு நடுவில் பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் அது என் சம்பளத்திலிருந்து போகிறது. நான் சேர்ந்தபோது யாரும் சான்றிதழ் கேட்கவில்லை, இரண்டு வாரம் பக்கத்தில் நின்று பார்த்தேன், மூன்றாவது வாரம் கத்தரியைக் கொடுத்துவிட்டார்கள். "கஷ்டமான ப்ரீட்" என்று நாங்கள் சொல்வதில் பாதி, "எனக்கு நேரமில்லை, எனக்குச் சொல்லித்தரவில்லை" என்பதன் சுருக்கம்.

என் தாத்தா கோயிலில் குழந்தைகளுக்கு முதல் மொட்டை போடுவார். தாய்மாமன் மடியில் குழந்தை துள்ளும், வீறிடும், சில சமயம் தாத்தா கையிலேயே கடிக்கும். கத்தியை எடுத்துவிட்டுக் காத்திருப்பார். பொரியைக் கொடுப்பார். திரும்ப ஆரம்பிப்பார். எந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் கடிக்கும் என்று அவர் பட்டியல் வைத்துக்கொள்ளவில்லை. வைத்திருந்தால் ஊர் சும்மா விட்டிருக்காது.

அதனால் என் சக தொழிலாளிகளிடம் கேட்பது ஒன்றுதான். அட்டையில் "கடிக்கும்" என்று எழுதாதீர்கள். எங்கே தொட்டால், எப்போது, எதற்காக என்று எழுதுங்கள். தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள், அன்றைய கமிஷன் போகட்டும். வாடிக்கையாளரிடம் "ப்ரீடே அப்படித்தான்" என்று சொல்லாதீர்கள். சீப்பைக் கையில் கொடுத்து, தினமும் ஐந்து நிமிடம் என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனால் போகட்டும்.

அந்தக் காக்கர் இப்போது என் சொந்தக் கடைக்கு வருகிறது. காது ஆறிவிட்டது. அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கிறேன்: "இடது காது, மெதுவாக." வாய்ப்பூட்டு போடுவதில்லை. ஆனாலும் மேசையில் ஏற்றினால் முதலில் என் வலது கையைத்தான் பார்க்கிறது. கை காலி என்று தெரியும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறது. அதற்குப் பிறகுதான் நான் சீப்பை எடுக்கிறேன்.