குளிசையை மறப்பவர்களும் கரையும் நுண்கோளங்களும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடி வீடுகளில் தனித்து வாழும் முதியவர்கள் பலர். பிள்ளைகள் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிறார்கள். பணம் வந்துவிடுகிறது, வேளை தவறாது குளிசையை எடுத்துக் கொடுக்கும் கைதான் வருவதில்லை. வளர்ந்த நாடுகளிலேயே நாட்பட்ட நோயாளரில் ஏறத்தாழ 50 வீதமானோர்தாம் மருந்தை ஒழுங்காக உட்கொள்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2003 இல் கூறியது.

சில நோய்களுக்கேனும் விஞ்ஞானம் இதற்கொரு வழி கண்டிருக்கிறது. லக்ரிக், கிளைக்கோலிக் அமிலங்களால் ஆன பல்பகுதியத்தில் நுண்கோளங்கள் செய்து, மருந்தை அவற்றுள் பொதிந்து ஊசியால் ஏற்றுகின்றனர். தானாகக் கரையும் தையல் நூலும் இதே இனத்தது. உடலின் நீர் அதனைச் சிறிது சிறிதாக அறுக்க, மருந்து அளவோடு வெளியேறுகிறது. புரொஸ்டேட் புற்றுநோய்க்கான லியூப்ரோலைட் மாத ஊசி 1989 இலும், உளப்பிளவு நோய்க்கு இரு வாரங்களுக்கு ஒருமுறை ஏற்றும் ரிஸ்பெரிடோன் 2003 இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

குறைகளும் உள. ஏற்றிய மருந்தை மீளப் பெற இயலாது. அந்த ரிஸ்பெரிடோன் ஊசி பலன் தர மூன்று வாரங்கள் செல்லும். அதுவரை குளிசையும் வேண்டும். அதைக் குளிரிலும் வைக்க வேண்டும். 2022 இன் நீண்ட மின்வெட்டுகளைக் கண்ட நமக்கு இது சிறு விடயமன்று.

விலையே பெருந்தடை. வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டுக்கு இது எட்டலாம். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரின் வீட்டுக்கு எட்டாது. ஆனால் உளப்பிளவு நோயாளி மருந்தை விட்டுவிட்டால், ஒருநாட் கூலியையும் இழந்து பின்னால் ஓட வேண்டியது அந்த வீடுதான்.

1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடக்கிவைத்த பேராசிரியர் சேனக பிபிலே காட்டிய பாதை எளியது: தேவையான மருந்தைத் தெரிவு செய், மொத்தமாக, மலிவாக வாங்கு. எண்ணெயிற் கரைத்த பழைய ஃபுளூபெனசின் ஊசி போதுமானவருக்கு அதுவே போதும். அது ஒவ்வாதவருக்குப் புதியதை அரசு வாங்கிக் கொடுக்க வேண்டும். லியூப்ரோரெலின் என்றும் அழைக்கப்படும் லியூப்ரோலைட்டை 2015 இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்துவிட்டது. ஆடம்பரம் என்று அதை ஒதுக்க இனி நியாயமில்லை.

ஊசியை யாருக்கு ஏற்றுவது என்பதை நோய் தீர்மானிக்கட்டும். வெளிநாட்டிலுள்ள பிள்ளை தீர்மானிக்கலாகாது.