533 முறை விட்டுக்கொடுத்தவர்

பேஸ்போல் எண்டதும் எங்களுக்கு ஞாபகம் வாறது பந்தைக் கூட்டத்துக்குள்ள அடிச்சு அனுப்புற ஹோம் ரன்தான். ஆனா ஜப்பானின் மசஹிரோ கவாய் உலகச் சாதனை வைத்தது அதற்கு நேர் எதிரான ஒரு வேலையில்.

அந்த வேலையின் பெயர் தியாக பன்ட். முதல் பேஸில் உங்கட ஆள் நிற்கிறார். நீங்கள் துடுப்பை வீசாமல் குறுக்காகப் பிடித்து, பந்தை மெதுவாக நிலத்தில் உருள விடுகிறீர்கள். எதிரணி ஓடிவந்து பந்தை எடுத்து உங்களை அவுட் ஆக்குவதற்குள் உங்கட ஆள் இரண்டாம் பேஸுக்குப் போய்விடுவார். கேட்க சுகமாத்தான் இருக்கும். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வாற பந்தைச் சாகடித்து, சொன்ன இடத்தில் நிற்பாட்டிப் பாருங்கோ, அப்ப தெரியும்.

கவாய் 1964இல் பிறந்தவர். 1982 டிராஃப்டில் யோமியுரி ஜயன்ட்ஸ் அவரைப் பந்து வீசுபவராகத்தான் எடுத்தது. பிறகுதான் உள்களத்துக்கு மாறி, ஷோர்ட்ஸ்டொப் இடத்தில் களத்தடுப்புக்காக ஆறு முறை கோல்டன் குளவ் விருது வாங்கினார். 1991இல் ஒரே பருவத்தில் 66 தியாக பன்ட். 2003 ஓகஸ்ட் 20 அன்று 512ஆவது. அதோடு அமெரிக்காவின் எடி கொலின்ஸின் பழைய சாதனை முறிந்தது. ஓய்வு பெறும்போது எண்ணிக்கை 533.

இதை 'தியாகம்' எண்டு கொண்டாடுறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. 1994இல் இதே மனிதர் .302 சராசரியில் அடித்தவர். அடிக்கத் தெரியாததால பன்ட் பிடித்தவர் இல்லை. இன்றைய புள்ளிவிபரக்காரரைக் கேட்டால், ஒரு அவுட்டைக் கொடுத்து ஒரு பேஸை வாங்குவது பெரும்பாலும் நட்டம் என்றுதான் சொல்வார்கள். ஒரேயொரு ஓட்டம் தேவைப்படுற கடைசி நேரத்தில் வேண்டுமானால் கணக்கு மாறலாம். அப்ப, அவர் விட்டுக்கொடுத்ததில் எத்தனை உண்மையிலேயே தேவைப்பட்டது? நியாயமான கேள்விதான்.

ஆனா அந்த விளையாட்டின் விதி ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். தியாக பன்ட் வெற்றியானால் அது துடுப்பாட்ட வாய்ப்பாகவே கணக்கில் வராது. அதாவது, அணிக்காக அவுட் ஆனவரின் சராசரி ஒரு புள்ளிகூடக் குறையாது. அது தனி நிரலில் எழுதப்படும். அதனால்தான் 533 என்ற எண் இன்றைக்கும் எங்கட கையில் இருக்கிறது.

"நீ கொஞ்சம் விட்டுக்குடு" என்ற வசனத்தை எல்லாரும் வீட்டில், வேலையிடத்தில் கேட்டிருப்போம். விட்டுக்கொடுக்கச் சொல்றவர்கள் அதை எங்கே எழுதி வைக்கிறார்கள்? பிறகு சராசரி குறைஞ்சு போச்சு எண்டு எங்களையே குறை சொல்றதுதானே வழமை. தியாகத்தைக் கேட்கிற எந்த இடமும் முதலில் ஒரு ஸ்கோர் புத்தகம் வைத்திருக்க வேண்டும். இதுதான் என் கருத்து.

கவாயின் கதையில் எனக்குப் பிடித்த இடம் 512ஆவது பன்ட் இல்லை, அதற்குப் பிறகு நடந்தது. அந்த ஆண்டோடு ஓய்வு பெற்று ஜயன்ட்ஸிலேயே பயிற்சியாளராவது என்று முடிவாகியிருந்தது. திடீரென்று முகாமையாளர் ஹரா பதவி விலகினார். வழக்கம்போல ஒதுங்கிப் போயிருக்கலாம். அவர் ஓய்வையே வாபஸ் வாங்கினார். 39 வயதில் போட்டி அணியான சுனிச்சி டிராகன்ஸிடம் போய், தேர்வில் கலந்துகொண்டு இடம் பிடித்தார். இன்னும் மூன்று பருவங்கள் விளையாடி 2006இல்தான் நிறுத்தினார்.

பிறகு பயிற்சியாளர் வாழ்க்கை. சுனிச்சியிலும், திரும்பிப்போன ஜயன்ட்ஸிலும் இரண்டாம் அணிகளின் முகாமையாளராக இருந்தார். ஜயன்ட்ஸின் மூன்றாம் அணியையும் பார்த்தார். பெரிய மைதானத்துக்கு இன்னும் வராத பொடியன்களை ஒரு பேஸ் முன்னால் நகர்த்துற வேலை. அவருக்குக் கைவந்த வேலைதான்.

மற்றவனை முன்னால் அனுப்பத் தெரிஞ்சிருக்க வேணும். தன்ர முறை வரும்போது துடுப்பை முழுசா வீசவும் தெரிஞ்சிருக்க வேணும். கவாய்க்கு ரெண்டும் தெரிஞ்சிருந்தது.